புள்ளி இல்லாத சிலிண்டர்

இன்று ஆயுத பூசை. காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்தான். ஓட்டுகிறவன் இறங்கி, கையில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான். "அண்ணே, ஒங்க கையால சாமான்ல ஒரு புள்ளி வச்சு விடுங்க. நீங்க வச்சா எந்த ஒர்க்‌ஷாப் மேஸ்திரியும் சாமான மாத்த மாட்டானாம்ல" என்று மூடியைத் திறந்து நீட்டினான். வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே அலுமினியப் பொடி பளபளவென்று குழைந்து கிடந்தது.

"கை நடுங்குதுப்பா, வேற ஆளப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "நல்ல நாளும் அதுவுமா ஒருத்தன் ஆசையா வந்து நிக்கான். ஒரு புள்ளி வச்சா கொறஞ்சா போயிருவீக?" என்று சத்தம் போட்டாள். குறைந்துதான் போயிருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உனக்குக் கடிதம் எழுதுவதே ஒரு கூத்து. உயிரோடு இருந்தபோதே கம்பெனி நோட்டீசை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் உனக்கு வேர்த்துவிடும். "நீயே படிச்சுச் சொல்லுலே" என்று என் கையில் திணிப்பாய். இதையும் நானேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

தாயில்பட்டிப் பக்கத்துக் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் பத்து வருடம் வெடிமருந்து கலந்தோம். சோறு பிசைகிற கையில்கூட அலுமினியப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். உன் கல்யாணப் போட்டோவில் உன் நகக்கண் மினுங்குவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு நாள் நமக்கு மூன்றாவதாக இருந்த ஷெட்டு வெடித்தது. காலையில் நம்மோடு டீ குடித்த நாலு பேரைச் சாயங்காலம் சாக்கில் கொண்டுபோனார்கள். அன்றைக்கு வெளியே வேலியோரம் உட்கார்ந்துகொண்டு நீதான் சொன்னாய்: "இந்தப் பொழப்பு வேணாம்லே. உசுரு இருந்தா உப்பு வித்துப் பொழச்சுக்கலாம்." சேர்த்து வைத்திருந்ததை ஆளுக்குப் பாதியாகப் போட்டு ஒரு பழைய வேன் வாங்கினோம். உயிருக்குப் பயந்துதான் அந்த வேனை வாங்கினோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வண்டி ஓட்டுவது நீ, வாய் ஓட்டுவது நான். ஆமத்தூரிலும் சுற்றுப்பட்டியிலும் விடிகிற நேரத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வாசலில் இறக்கி, சாயங்காலம் திரும்ப அழைத்துவர வேண்டும். கம்பெனி கணக்கப்பிள்ளையிடம் பேசுவது, சீட்டுக்குச் சண்டை போடுகிற பெண்களைச் சமாதானம் செய்வது, ஒர்க்‌ஷாப்பில் வாதாடுவது எல்லாம் என் பாடு. "வாயுள்ள பிள்ள பொழைக்கும்" என்று என்னைக் காட்டி நீ எல்லோரிடமும் பெருமை அடிப்பாய். எனக்கும் அது தலைக்கு ஏறித்தான் கிடந்தது.

விருதுநகரில் சிவகாசி ரோட்டில் ராசு மேஸ்திரி ஒர்க்‌ஷாப். கெட்டிக்கார வேலைக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றுக்குப் போனால் மூன்றைச் சொல்லுவான். ஹாரன் அடிக்கவில்லை என்று போனால் வயரிங் முழுசும் போச்சு என்பான். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று போனால் பம்பும் சேர்ந்து போச்சு என்பான். கேட்டால், "நான் எதுக்குண்ணே பொய் சொல்லப் போறேன்? இந்தா பாருங்க பழைய சாமான்" என்று எண்ணெய்ப் பிசுக்கோடு எதையாவது கையில் கொடுப்பான். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான் வழக்கம். புதுசு போட்டால் பழசைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பழசு நம் வண்டியில் இருந்து கழற்றியதா, நேற்று வந்த லாரியில் இருந்து கழற்றியதா என்று எவன் கண்டான்?

உனக்கு இதெல்லாம் உறைக்காது. "போனாப் போகுதுலே, அவனும் பிள்ளகுட்டிக்காரன்" என்பாய். எனக்குத்தான் ராத்தூக்கம் கெட்டது. என்னை ஒருத்தன் ஏமாற்றுகிறான் என்பதைவிட, ஏமாற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறானே என்கிற ஆத்திரம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழைய கம்பெனியில் தெரிந்தவனிடம் ஒரு சிட்டிகை அலுமினியப் பொடி வாங்கி, வார்னிஷில் குழைத்து, வண்டியில் கைக்கு எட்டுகிற ஒவ்வொரு சாமானிலும் யாருக்கும் தெரியாத இடத்தில் கடுகு அளவு ஒரு புள்ளி வைத்தேன். எண்ணெயில் மினுங்கும், கழுவினாலும் போகாது. பத்து வருடம் நம் நகத்தை விட்டுப் போகாத சாமான் ஆயிற்றே!

ஒரு மாதத்தில் மாட்டினான். டைனமோ எரிந்துவிட்டது, மாற்றிவிட்டேன் என்று ஒரு பழைய டைனமோவைக் கையில் கொடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், புள்ளி இல்லை. நான் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். புதுசு என்று மாட்டியிருந்த டைனமோவில் என் புள்ளி கண் சிமிட்டிக்கொண்டு இருந்தது. நம் டைனமோவையே துடைத்து மாட்டிவிட்டு, எவனுடைய ஓட்டையையோ என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறான்.

அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். ரோட்டில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ராசுவை நாறடித்தேன். நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "போதும்லே. அவன் பெண்டாட்டி அங்கன நின்னு பாத்துக்கிட்டு இருக்கு." பார்த்தேன். தூக்குச் சட்டியோடு ஒரு பெண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அப்படியும் நான் நிறுத்தவில்லை. அந்த வாரமே விருதுநகரில் இருந்து சாத்தூர் வரைக்கும் வேன்காரர்கள் எல்லாம் புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்கு அப்புறமும் நாம் அவனிடம்தான் போனோம். வேறு ஒர்க்‌ஷாப் போகலாம் என்று நீ சொன்னபோது நான்தான், "தெரிஞ்ச திருடன் தேவலலே. இனிமே அவன் நம்மகிட்ட வாலாட்ட மாட்டான்" என்றேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி, நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்தோம். உன் வீட்டுக்காரி சந்தனம் கரைத்துக் கொடுத்தாள். நீ ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாய். உனக்குப் பின்னாலேயே நான் என் டப்பாவோடு வந்தேன். சக்கரத்துக்கு உள்ளே பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற சின்னச் சிலிண்டர் ஒன்று இருக்குமே, நாலு சக்கரத்திலும் அதற்கு மேலே என் கையாலேயே புள்ளி வைத்தேன். "சாமி பொட்டும் வச்சாச்சு, சாமியார் பொட்டும் வச்சாச்சு" என்று நீ கேலி பண்ணினாய்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. தீபாவளிக்கு முந்தின கடைசி சீசன். கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது, கடைசி ஆர்டர் லோடு ஏறிக்கொண்டிருந்தது. பிரேக் மிதி ரொம்ப இறங்குகிறது என்று நீ வண்டியை ராசுவிடம் விட்டாய். மத்தியானம் நான் போனபோது பின் சக்கரம் கழன்று கிடந்தது. ராசு என் பக்கத்தில் வரவே பயந்து, தள்ளி நின்றுதான் பேசினான்.

"அண்ணே, வீல் சிலிண்டர் ஒழுகுது. வாஷர் கிழிஞ்சு போச்சு. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் சொல்ல முடியாது. நாலையும் மாத்திருவோம். மாஸ்டர் சிலிண்டரையும் பாத்துருவோம். ரெண்டு நாள் வண்டி இங்கன நிக்கட்டும்."

சீசனில் ரெண்டு நாள்! நாம் போகவில்லை என்றால் அடுத்த வேன்காரன் அந்த லைனைப் பிடித்துக்கொள்வான். எனக்கு அப்போதே கோபம் ஏறிவிட்டது. "கழட்டுனதைக் குடு" என்றேன். கொடுத்தான். கை முழுக்க பிரேக் ஆயில் வழிந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு அதன் மேல்பக்கத்தைப் பார்த்தேன். புள்ளி இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இல்லை.

"புள்ளி எங்கலே?"

"எனக்குத் தெரியாதுண்ணே. ஒங்க வண்டியில கழட்டுனதுதான். எம்பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன்."

"டைனமோவுக்கும் இதே பிள்ளை மேலதான சத்தியம் பண்ணுன? ஒனக்கு எம்புட்டுப் பிள்ளலே இருக்கு?" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

நீ மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்குக் கால்ல தெரியுதுலே. மிதி எறங்குது. அவன் சொல்றது நெசமாக்கூட இருக்கும்" என்றாய். நான், "பிரேக் கொழாய்ல காத்து புகுந்திருக்கும்லே. ஏர் எடுத்துட்டு ஆயில் ஊத்துனா சரியாப் போகும். நம்ம நல்ல சிலிண்டர ஒளிச்சு வச்சுக்கிட்டு எவன் வண்டி ஓட்டையவோ காட்டுதான். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். நீ சும்மா இருந்தாய். ஆயுசு பூராவும் என் பேச்சைக் கேட்டுப் பழகிய ஆள் நீ. அந்த ஒரு நாளாவது என்னை ஒரு அறை அறைந்திருக்கக் கூடாதா?

"எங்க சாமானை எடுத்து மாட்டிச் சக்கரத்தைப் பூட்டு" என்று ராசுவிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தேன். திரும்பி வரும்போது சக்கரம் பூட்டியிருந்தது. ராசு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மாட்டிட்டேன்ணே. ஏரும் எடுத்துட்டேன். மெதுவாப் போகச் சொல்லுங்க. சீசன் முடிஞ்சதும் கட்டாயம் கொண்டாங்க" என்றான். ஒளித்து வைத்ததை எடுத்து மாட்டிவிட்ட வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். உன் முதுகில் தட்டி, "பாத்தியாலே?" என்றேன். உண்மையில் அவனிடம் இருந்தது அந்த ஒரே சிலிண்டர்தான். அதைத்தான் துடைத்து மாட்டியிருக்கிறான். வேறு எதை மாட்டுவான்?

மூன்று நாள் மிதி நன்றாக நின்றது. நாலாம் நாள் சாயங்காலம் நடந்தது, வேனில் வந்த முனியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "ரயில்வே கேட்டு மூடிக் கெடந்துச்சுண்ணே. தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக அம்புட்டுப் பேரும் சைக்கிளோட நிக்காக. அண்ணன் மிதிக்காக, மிதிக்காக, வண்டி நிக்கல. 'பிரேக் இல்ல, எல்லாரும் கம்பியப் பிடிங்க'ன்னு கத்துனாக. கைப்பிரேக்க இழுத்துக்கிட்டே வண்டிய ஓடைப் பாலத்துச் செவுத்துல கொண்டுபோய் விட்டாக. அவுக உக்காந்திருந்த பக்கமாத்தான் விட்டாக. வேணுமின்னேதான் அவுக பக்கமா விட்டாக."

வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் பிழைத்தார்கள். கேட்டில் நின்றவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. உன்னை வெளியே எடுக்கவே ரொம்ப நேரம் ஆயிற்றாம். வெடிமருந்துக்குத் தப்பித்து வந்தவனை ஒரு பாலத்துச் சுவரில் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

உன்னைத் தூக்கிப் போட்ட மறுநாளே ஊர்க்காரர்கள் ராசுவின் ஒர்க்‌ஷாப்பை அடித்து நொறுக்கினார்கள். நான் தடுக்கவில்லை. ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார், "மேஸ்திரி என்னய்யா சொல்லி வண்டியக் குடுத்தான்?" நான் சொன்னேன், "எல்லாம் சரி பண்ணிட்டேன், தைரியமா ஓட்டுங்கன்னு சொன்னான் சார்." அவன் சொன்னது அது இல்லை. மெதுவாகப் போங்கள், திரும்பக் கொண்டுவாருங்கள் என்றுதான் சொன்னான். ஆனால் அப்போது எனக்கு அது பொய்யாகவே தெரியவில்லை. அவன் ஓட்டைச் சிலிண்டரை மாட்டிக் கொன்றுவிட்டான் என்று முழுசாக நம்பினேன். "மாத்தணும்னு சொன்னேன் சார், இவரு விடல" என்று ராசு அழுதான். டைனமோ ராசுவை எவன் நம்புவான்? அவனை அடித்து உட்கார வைத்தார்கள். அதற்கு அப்புறம் அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டான்.

வேன் போனபின் சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனிக்கு லோடு பார்க்கிற வேலைக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து, கம்பெனி வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுக் காத்திருந்தேன். மெக்கானிக் கை தவறிப் பிரேக் ஆயிலை மட்கார்டில் சிந்திவிட்டான். "ஐயையோ!" என்று பதறித் துணியால் துடைத்தான். துணியோடு பெயிண்டும் உரிந்து வந்தது. "பிரேக் ஆயில் பட்டா பெயிண்டு நிக்காதுண்ணே" என்றான்.

"வார்னிஷு?" என்று கேட்டேன்.

"வார்னிஷெல்லாம் இருந்த எடமே தெரியாது."

வீட்டுக்கு வந்து ஒரு பழைய போல்ட்டில் புள்ளி வைத்துக் காயவைத்தேன். தேங்காய்ச் சிரட்டையில் பிரேக் ஆயில் ஊற்றி அதில் போட்டேன். மறுநாள் எடுத்துத் துடைத்தேன். புள்ளி இல்லை. இன்னொன்று வைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. ராசு அன்றைக்குக் கையில் கொடுத்தது நம் சிலிண்டர்தான். அது ஒழுகி ஒழுகித்தான் புள்ளி போயிருக்கிறது. புள்ளி இல்லை என்பதுதான் அது ஒழுகியதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி மட்டாகி உனக்கு உயிர் போயிற்று.

ராசுவைத் தேடினேன். சாத்தூருக்கு வெளியே நாலுவழிச் சாலை போடுகிற இடத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு இருக்கிறான் என்று ஒரு லாரிக்காரன் சொன்னான். போன மாதம் போய்ப் பார்த்தேன். நரைத்து ஒடுங்கிப் போயிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுகொண்டான், அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். பிரேக் ஆயில் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டேஷனில் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவன் டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆயில்ல பெயிண்டு நிக்காதுன்னு எனக்குத் தெரியும்ணே" என்றான். "ஆனா நீங்க வச்சது வார்னிஷுன்னு எனக்குத் தெரியாதுல்ல. அதென்னமோ கம்பெனி மருந்து, எதுலயும் போகாதுன்னுதான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக." டியூபை வெளியே எடுத்துத் துடைத்தான். "டைனமோவுல நான் பொய் சொல்லாம இருந்திருந்தா, சிலிண்டர்ல நீங்க நம்பியிருப்பீக. யாரச் சொல்ல? விடுங்க." அதோடு அடுத்த டியூபை எடுத்துக்கொண்டான். திட்டுவான், காறித் துப்புவான் என்றுதான் போனேன். அந்த ஆறுதல்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரியைப் பற்றி ஒன்று மட்டும் கேட்டான். "அந்தத் தங்கச்சிக்குத் தெரியுமா?"

மறுநாளே உன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உன் வீட்டுக்காரி இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். என்னைக் கண்டதும் பாயை விரித்துப் போட்டாள். நீ போன நாளில் இருந்து எல்லாவற்றுக்கும் அவள் என்னிடம்தான் யோசனை கேட்கிறாள், அது உனக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணே, போன பொங்கல் கூட்டத்துல அந்த மேஸ்திரி பெண்டாட்டியப் பாத்தேன். அவ்வளவு பேருக்கு முன்னால மூணு கை மண்ணை அள்ளி அவ மேல தூத்திட்டேன். 'என் தாலிய அறுத்தவன் குடும்பம் வெளங்காது'ன்னு சொல்லித் தூத்துனேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாண்ணே. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

தூக்குச் சட்டியோடு அழுதுகொண்டு நின்ற அதே பெண். நான் கேட்டேன். "அவன் மேல தப்பே இல்லன்னா என்னம்மா பண்ணுவ?"

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப நான் யாரு மேலண்ணே தூத்த?" என்றாள்.

என் மேல் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு தூரம் போனேன். வாயுள்ள பிள்ளை என்று நீ ஊரெல்லாம் பெருமை அடித்தாயே, அந்த வாய் திறக்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. எழுந்துபோய் உன் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து, எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.